நல்ல தண்ணீரை ஊற்றிப் பார்த்த நாள்

கீழே வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மடத்தேரி ஊர்க்காரர்கள் கொண்டுவந்த வேன் அது. வடிகட்டியை ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள்.

மேலே ஆய்வுக்கூடத்தில் சூசைநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியை கமருன்னிசா அவரைவிட இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

மடத்தேரி ஏரியில் மருந்து ஆலைக் கழிவு கலக்கிறது. ஆன்டிபயாடிக் கரைந்த தண்ணீரிலேயே வாழ்ந்து பழகிவிட்ட கிருமிகளை இப்போது எந்த மருந்தும் ஒன்றும் செய்வதில்லை. சூசைநாதனின் அக்கா புருஷன் ஏரிக்கரையில் காலில் முள் குத்திய புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு மருந்தும் கேட்கவில்லை. உயிரோடு திரும்பி வரவில்லை. அடப்பாவி, ஒரு முள்ளுக்கு ஒரு மனுஷனா! அந்த ஆத்திரத்தில்தான் சூசைநாதன், ஏரித் தண்ணீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் இந்த வடிகட்டியைச் செய்தார்.

உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் போன்ற பாலிமர் மணிகள். களிமண்ணில் சாவியை அழுத்தி எடுத்தால் சாவியின் பள்ளம் நிற்கும் அல்லவா? அப்படி அந்த மருந்தைச் சுற்றியே பாலிமரை உறையவைத்து, பிறகு மருந்தை அலசி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் பள்ளங்களில் அதே மருந்து வந்து மாட்டிக்கொள்ளும்.

"ஏரித் தண்ணிய விட்டுப் பாத்தாச்சு மேடம். பெரும்பாலும் பிடிச்சிருச்சு. ஏத்திரலாமா?"

"நல்ல தண்ணிய விட்டுப் பாத்தீங்களா?"

"நல்ல தண்ணியில பிடிக்கிறதுக்கு என்ன மேடம் இருக்கு?"

"விடுங்க."

சூசைநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல் சுத்தமான தண்ணீரை வடிகட்டியில் ஊற்றினார். மறுபக்கம் வந்ததில் ஒரு சொட்டு எடுத்து, தண்ணீரில் கலந்திருப்பதைக் கோடாகக் காட்டும் கருவியில் வைத்தார். மறுபடியும் ஹாரன்.

திரையில் கோடு தட்டையாக ஓடியது. அப்பாடா என்று மூச்சு விடப் போனார். அப்போது கோடு எழும்பியது.

அது எழும்பிய இடம் அவருக்கு மனப்பாடம். அதே மருந்து!

"எங்கிருந்து வந்துச்சு?" என்றார் கமருன்னிசா.

சூசைநாதன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "மணிக்குள்ளேருந்துதான். முழுசா அலசல மேடம். ஊர்ல இன்னிக்குன்னு சொல்லிட்டாங்க, அதான் அவசரத்துல..."

"ம்."

"ஆனா இது கொஞ்சம்தானே? ஏரியில கிடக்கறதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல."

"கொஞ்சங்கொஞ்சமா குடுத்தாத்தான் கிருமி பழகும். இங்க சேர வந்த அன்னிக்கு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க."

"ஊரே காத்துக்கிட்டு நிக்குது மேடம்! இப்பப் போயி இல்லன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்வேன்? இப்ப இருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல. இன்னும் எப்பத்தான் இது தயார்னு சொல்வீங்க?"

கத்தியே விட்டார். கமருன்னிசா எழுந்து வடிகட்டி அருகே போனார். வடிகட்டியிலிருந்து வந்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். வேனில் காத்திருந்து பொறுக்க முடியாமல் சூசைநாதனின் அக்கா ரெஜினா மேலே ஏறி வந்துவிட்டார்.

"என்னடா தம்பி, இன்னுமா ஆகல? வெயில் கொளுத்துது, நாக்கு வறண்டு போச்சு." டம்ளரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதுல வந்த தண்ணியா டீச்சர்? குடுங்க, நாந்தான் முதல்ல குடிப்பேன். ஏரிப் பக்கமே போகக்கூடாதுன்னு குடம் குடமா வெலைக்கு வாங்கறோம். இனிமே பயமில்ல. எந்தம்பி செஞ்சதாச்சே."

கமருன்னிசா டம்ளரை நீட்டினார். ஆனால் அவர் பார்த்தது அக்காவை அல்ல, சூசைநாதனை.

ரெஜினாவின் விரல் டம்ளரில் படுவதற்குள் சூசைநாதன் பாய்ந்து அதைப் பிடுங்கினார். பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

"ஏண்டா?" என்றார் அக்கா, பயந்துபோய்.

சூசைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. டம்ளர் கையிலேயே இருந்தது.

கமருன்னிசா மூலையிலிருந்த பானைத் தண்ணீரை இன்னொரு டம்ளரில் மொண்டு ரெஜினாவிடம் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சூசைநாதனிடம் திரும்பினார்.

"எப்பத் தயார்னு கேட்டீங்களே. அக்கா குடிக்கக் கேக்கும்போது உங்களுக்குப் பிடுங்கத் தோணாத அன்னிக்கு வந்து சொல்லுங்க. நானே தூக்கி வண்டியில வைக்கிறேன்."