மற்றவை நேரில்

கவிஞர் திருமேனி எழுபத்தெட்டாம் வயதில் கவிதை எழுதுவதை நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீம்புக்கு இன்னும் நாலு வருடம் எழுதியிருப்பார்.

கடிதம் எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்லச் சீடர் தில்லைநாயகம் எழுதினார்.

சீடர் என்றதும் சின்னப் பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். தில்லைநாயகத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிடுவார். ‘வாழ்த்துக்கள்’ என்று இருந்தால் ‘க்’கை அடித்துத் திருப்பிக் கொடுப்பார். சொந்தக்காரர்கள் பலர் இப்போதெல்லாம் அவருக்குப் போனில்தான் அழைப்புச் சொல்கிறார்கள்.

இளமையில் அவர் ஒரு கவிதையைக் கொண்டுபோய்த் திருமேனியிடம் நீட்டினார். திருமேனி படித்தார்.

"எடுத்தாலும் குறையாத சொல்லை எடுத்துடு," என்றார்.

தில்லைநாயகம் வீட்டுக்குப் போய் எடுக்க ஆரம்பித்தார். எடுத்து முடித்தபோது தாளில் ஒன்றும் இல்லை. அன்றோடு கவிதையை விட்டார். குருவை விடவில்லை.

திருமேனி குடியிருந்தது திருவாரூரில், ஒரு தையல்கடைக்கு மேலே. படி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கடிதங்கள்தான் ஊர் ஊராகப் போய்வந்தன. மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு ஒன்று, பழைய சண்டைக்காரரான ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு ஒன்று. எல்லோரையும்விட அதிகமாகக் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அக்கா பிச்சம்மாளுக்கு. கூடப்பிறந்தவர்களில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. போனில் கத்திப் பார்த்துக் கைவிட்டாயிற்று.

அக்காவுக்குப் போகிற கடிதம் இப்படி இருக்கும்:

‘அன்புள்ள அக்காவுக்கு, இங்கு நான் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல். இங்கே மழை இல்லை. நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது. உப்பு ஜாஸ்தி. மற்றவை நேரில். இப்படிக்கு, உன் தம்பி.’

அக்காவிடமிருந்து ஒரு வாரத்துக்குள் பதில் வந்துவிடும்:

‘நலம். நலம் அறிய ஆவல். இங்கேயும் மழை இல்லை. உப்பு சரியாகத்தான் போட்டேன், உனக்குத்தான் நாக்கு நீளம். மற்றவை நேரில்.’

தில்லைநாயகத்துக்கு ஓர் ஆசை இருந்தது. குருவின் காலத்துக்குப் பிறகு இந்தக் கடிதங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட வேண்டும். ஐந்து சொல்லில் ஊரையே பேச வைத்த கவிஞர், கடிதத்தில் எல்லோரையும் போலத்தானே எழுதுகிறார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கவலையில் ஒருநாள் கேட்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"எல்லாக் கடிதத்துலயும் மற்றவை நேரில்னு போடுறோம்."

"ஆமா."

"உங்களால படி இறங்க முடியாது. அக்காவுக்கு இடுப்பு சரியில்ல, அவங்களால வர முடியாது. அப்படியே வந்தாலும் காது கேக்காது. நேர்ல என்ன சொல்லப் போறீங்க?"

திருமேனி இன்லேண்ட் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அடியில இடம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப போடு."

தில்லைநாயகம் போட்டார். மனசு ஆறவில்லை.

ஆடி மாதத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம். திருமேனி வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்து, "மற்றவை நேரில்," என்று முடித்தார். தில்லைநாயகம் அதை மட்டும் எழுதாமல் தாளை மடித்து ஒட்டினார். குரு சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். உள்ளபடி சொன்னால், கடிதம் முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பதில் வரவில்லை.

"தபால் வந்துதா?" என்று திருமேனி தினமும் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்தினார். காப்பியைப் பாதியில் வைத்தார். மகனுக்குக் கடிதம் எழுதலாமா என்றால், "அப்புறம்," என்றார். ஒருநாள் ஜன்னலைப் பார்த்தபடி, "அக்கா இருக்காளா தில்லை?" என்று கேட்டார். அவர் பயந்து தில்லைநாயகம் பார்த்ததே இல்லை.

"இருப்பாங்க ஐயா," என்றார். தான் செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் தையல்கடை வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

பிச்சம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். உதவிக்கு நீண்ட கைகளைத் தட்டிவிட்டார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தம்பியைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்:

"எலே, எந்திரி. நடந்து காட்டு."

திருமேனி எழுந்தார். ஜன்னல் வரை நடந்து திரும்பி வந்தார்.

"நல்லாத்தானே இருக்கே? பின்ன ஏன் அதைப் போடல?"

"எதை?"

பிச்சம்மாள் இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து விரித்தார்.

"மற்றவை நேரில் எங்கே? சாவு சொல்லி எழுதுத கடிதாசியிலதாம்லே அது இருக்காது. ஒண்ணு உனக்கு எம்மேல கோவம், இல்லன்னா டாக்டர் நாள் குறிச்சுட்டான்னு நெனச்சேன். எனக்குச் சோறு இறங்கல. எம் பெரிய மவன் போகக் கூடாதுன்னான். அவன் ஆபீசுக்குப் போனதும் வண்டி பிடிச்சு வந்துட்டேன்."

திருமேனி கடிதத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு தில்லைநாயகத்தைப் பார்த்தார்.

திருமேனி அக்காவின் காதருகே குனிந்தார்.

"மறந்துட்டேன் அக்கா."

"பொய் சொல்லாத. பேர எழுத மறப்பே, இதை மறக்க மாட்டே."

தில்லைநாயகம் எழுந்து நின்றார்.

"நான்தாம்மா எடுத்தேன்."

"என்னது?"

"நான்தான் எடுத்தேன்!"

"யார எடுத்தே?"

"மற்றவை நேரில்! அதை நான்தான் எடுத்தேன்! தேவையில்லன்னு எடுத்துட்டேன்!"

கீழே தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பிச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வேல பாக்க?"

"பிழை திருத்துறேன்!"

"நல்லாத் திருத்துனே," என்றார் பிச்சம்மாள்.

அதற்குப் பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பியும் அழுதார். தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அழுது முடிந்ததும் காப்பி வந்தது. தில்லைநாயகத்துக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. தப்புச் செய்தாலும் இரண்டு பேரையும் நேரில் உட்கார வைத்தாயிற்று. இத்தனை வருடமாகச் சேர்ந்ததெல்லாம் இப்போது வெளியே வரும். வீட்டுக்குப் போகாமல் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். பிச்சம்மாள் காப்பியில் சீனி போதாது என்றார். திருமேனி தலையை ஆட்டினார். தெருவில் ஒரு மாடு போனது. இரண்டு பேரும் அது முனை திரும்பும்வரை பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்துப் பிச்சம்மாள் தொண்டையைச் செருமினார்.

"எலே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா போன அன்னைக்கு, நீ வாரதுக்கு முன்னால..."

திருமேனி கையை லேசாக உயர்த்தினார்.

"இருக்கட்டும் அக்கா."

அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிச்சம்மாளுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ம். இருக்கட்டும்," என்றார்.

காலையில் கார் வந்தது. பிச்சம்மாள் ஏறிய மாதிரியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். திருமேனி மேல்படியில் நின்றார். பிச்சம்மாள் பாதிப் படியில் நிமிர்ந்து பார்த்து, "உப்பைக் கொறச்சுப் போட்டு அனுப்புதேன்," என்றார். கார் போய்விட்டது.

சில நாள் கழித்துத் திருமேனி தில்லைநாயகத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தாளை எடுக்கச் சொன்னார்.

"அன்புள்ள அக்காவுக்கு. இங்கு நான் நலம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பெரியவன் சத்தம் போட்டிருப்பான், காதில் விழாததுபோல இருந்துவிடு. இங்கே மழை வந்தது. மற்றவை நேரில்."

தில்லைநாயகத்தின் பேனா நின்றது.

"ஐயா."

"சொல்லு."

"இப்பதான் நேர்ல பாத்தீங்க."

"ஆமா."

"ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசல. அவங்க சொல்லத்தான் வந்தாங்க. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

"வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?" என்றார் திருமேனி. "இருக்கட்டும்னுதானே சொன்னேன். இருக்கு. எழுது."