மாத்திரையில் வந்த வெயில்

மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். அதன் பின்கட்டு அறையில் ஏழு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள் மரகதம்.

பாடம் கேட்க மடத்துக்கு வந்தவள்தான். வந்த மறுவருடம் உடம்பில் தேமல் போலத் திட்டுகள் வெளுத்தன. கிள்ளினால் வலிக்கவில்லை. பிறகு காதுமடல் தடித்தது, புருவம் உதிர்ந்தது. தொழுநோய் என்றார்கள்.

டவுனிலிருந்து வரும் டாக்டரம்மா மருந்து தொடங்கினார்.

“இனி இது யாருக்கும் தொத்தாது. தைரியமா வெளியே வாங்க.”

மரகதம் வரவில்லை.

ஏழாவது மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

“வைட்டமின் டி அடிமட்டத்துல இருக்கு. கிருமியைக் கொல்றது நான் கொடுக்கிற மருந்து. ஆனா உடம்புக்குள்ளேயும் காவல்காரங்க இருக்காங்க. அவங்க தெம்பா நிக்க இந்தச் சத்தும் வேணும். தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல உட்காருங்க.”

“அதையும் மாத்திரையாத் தர முடியாதா?”

“தரலாம்.” டாக்டரம்மா சிரித்துவிட்டார். “சூரியனையே அறைக்குள்ள கூப்பிடுறீங்களே!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மடத்தின் குரு பொன்னம்பல அடிகள் கதவைத் தட்டினார். அவருக்கும் மரகதத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“தேன்மொழி வந்திருக்கா.”

மரகதத்தின் மகள். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருவாள். அம்மாவைப் பார்க்காமலே திரும்பிப் போவாள்.

“தூங்குறேன்னு சொல்லிடுங்க, சாமி.”

“எத்தனை ஞாயிறு தூங்குவே? மலைப்பாம்புகூட நடுவில ஒருதரம் கண் முழிக்கும்.”

மரகதம் கதவைத் திறந்தாள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

“ஒண்ணு கேட்கிறேன், சாமி. வெயில்ல கிடைக்கிற சத்து மாத்திரையிலேயே வந்துடுது. அப்புறம் நான் எதுக்கு வெளியே வரணும்?”

அடிகள் உள்ளே வந்து, சாத்தியிருந்த ஜன்னலை ஒரு கை நுழையும் அளவுக்கு உள்பக்கமாக இழுத்துத் திறந்தார்.

முற்றத்தில் பெரிய புங்கமரம். அதன் நிழல் குளுகுளுவென்று விரிந்து கிடந்தது. தேன்மொழியோ நிழலைவிட்டுத் தள்ளி, கொதிக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். பின்னலை அவளே போட்டிருக்க வேண்டும், வகிடு கோணியிருந்தது.

மரகதத்தின் கை ஜன்னல் கம்பியைப் பற்றியது. வெயிலில் காய்ந்த கம்பி சுட்டது அந்த விரல்களுக்குத் தெரியவில்லை.

“இவ்வளவு நிழல் இருக்கே, பைத்தியக்காரி! ஏன் வெயில்ல காயுறா?”

“மரத்தடியில இருந்து பார்த்தா உன் ஜன்னல் தெரியாது.”

மரகதம் புருவம் இருந்த இடத்தை மெல்லத் தடவிக்கொண்டாள்.

“இந்த முகத்தைப் பார்த்தா பயந்துடுவா, சாமி. எனக்கு அந்த மாத்திரையே போதும்.”

“உனக்குப் போதும்மா” என்றார் அடிகள். “அவளுக்கு என்ன கொடுக்கட்டும்?”