நடுவுல ஓட்டை இருக்கிற பிட்

"டீச்சர், எல்லா ஸ்க்ரூவையும் கழட்டுற மாதிரி, விலை கம்மியா, ஒரு பிட் செட்டு சொல்லுங்க"ன்னு கேட்டாரு வேதமுத்து.

பர்வீன் சோல்டரிங் அயர்னை ஸ்டாண்டுல வெச்சாங்க.

"எத்தனை ஸ்க்ரூ கழட்டணும்?"

"ரெண்டு."

"ரெண்டு ஸ்க்ரூவுக்கு எதுக்கு அங்கிள் செட்டு?"

வேதமுத்து சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

குருன்னா தாடி இருக்கும், சிஷ்யன் மழுமழுன்னு இருப்பான்னுதானே நாம நினைக்கிறோம். பாலக்கரையில அது தலைகீழ். குரு பர்வீனுக்கு முப்பத்திநாலு வயசு. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், எது செத்தாலும் எழுப்பி உக்கார வெச்சிடுவாங்க. சனி, ஞாயிறு சாயங்காலம் கடை மாடியில அஞ்சு பேருக்கு ரிப்பேர் வகுப்பு.

அதுல ஒரு சிஷ்யன் வேதமுத்து. வயசு அறுபது, தாடி வெள்ளை, முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர்.

ஏற்கெனவே ரெண்டு செட்டு வாங்கிப் பாத்துட்டாரு.

முதல் கடைக்காரர் கண்ணை மூடிக்கிட்டே அடிச்சு விட்டாராம், முப்பத்திரெண்டு பீசு சார், இதை வெச்சு ராக்கெட்டையே கழட்டலாம்னு. ராக்கெட் கழண்டிருக்கும். இது கழலல. ஸ்க்ரூ தலையில ஆறு முனை நட்சத்திரம், நட்ட நடுவுல பொடிசா ஒரு முள். எந்த பிட்டை வெச்சாலும் அந்த முள்ளுல முட்டிக்கிட்டு நின்னுச்சு.

ரெண்டாவது செட்டு போன்ல ஆர்டர் போட்டது. அறுபத்திநாலு பீசு. பிரிச்சுப் பாத்தா, முதல் செட்டே தன் தம்பியையும் கூட்டிக்கிட்டு வந்திருந்துச்சு.

மூணாவதா நேர்ல போன கடைக்காரர் எதையும் விக்கல. வாயில பாக்கு வேற, பாதி வார்த்தைதான் வெளிய வந்துச்சு. செட்டெல்லாம் எதுக்குங்க, சின்ன ஃப்ளாட் டிரைவரை முள்ளு மேல வெச்சு ஒரு தட்டு, முள்ளு ஒடிஞ்சிடும், அப்புறம் எந்த பிட்டும் போகும்னாரு.

"ஒடிச்சீங்களா?"

"கை வரல டீச்சர்."

"என்ன மெஷினு?"

வேதமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாரு. உள்ள தாடி ஒதுக்குற ட்ரிம்மர் ஒண்ணு.

"ஜோயலோடது."

ஜோயல் ஒரே பையன். இருபத்தாறு வயசு. மஞ்சள் காமாலையில போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. வகுப்புல எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கறதில்ல.

பர்வீன் ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க. வேதமுத்து உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா சொன்னாரு.

தினமும் காலையில ஏழு மணிக்கு அவர் சம்சாரம் செல்வரூபி பாத்ரூமுக்குள்ள போய் அந்த ட்ரிம்மரைப் போடுவாங்களாம். ர்ர்ர்ர்னு ஓடும். எதையும் வெட்டறதில்ல. பையன் வேலைக்குக் கிளம்புற நேரம் அது. அஞ்சு நிமிஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு நிறுத்துவாங்க. அப்புறம்தான் வீட்டுல டீ.

மூணு வாரம் முன்னாடி அது ர்ர்ர்னு ஆரம்பிச்சு, ர்க்னு நின்னு போச்சு. இப்பவும் ஏழு மணிக்கு எழுந்து போறாங்க. பட்டனை அமுக்கிப் பாக்குறாங்க. திரும்பி வந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிறாங்க. சோறு வெச்ச இடத்துலயே இருக்கு.

"அவங்க என்ன சொல்றாங்க?"

"என்கிட்டயா? அவ என்கிட்டப் பேசிப் பதினாலு மாசம் ஆச்சு டீச்சர்."

அடக்கத்தன்னிக்கு வீட்டுக்குள்ள ஏகப்பட்ட கூட்டம். பெட்டியைச் சுத்தி எல்லாரும் நெருக்கிக்கிட்டு நிக்க, வேதமுத்து வாசப்படியில நின்னு குரல் குடுத்தாரு: பாத்தவங்க அப்படியே முன்னாடி போங்க, முன்னாடி போங்க, பின்னாடி ஆள் நிக்குது. அவர்கிட்ட இருந்த குரல் அது ஒண்ணுதான். விசில் மட்டும்தான் ஊதல.

கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க.

அந்தச் சிரிப்பு செல்வரூபி காதுல விழுந்துச்சு. கண்ணுல ஒரு சொட்டு இல்லாம புள்ளையை பஸ் ஏத்தி விட்ட மாதிரி விட்டுட்டாருன்னு அக்காகிட்ட சொன்னாங்க. அவரைப் பத்தி அவங்க கடைசியா சொன்னது அது. அவர்கிட்ட அதுவும் சொல்லல.

போதகர் வந்து வசனம் சொன்னாரு. நாத்தனார் வந்து எல்லாம் ஒரு நல்லதுக்குன்னாங்க. வேதமுத்து தினம் சாப்பிடு, கொஞ்சம் நட, மறக்கப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் உள்ள இறங்கல.

"இது ஓடிட்டா எழுந்திருப்பா டீச்சர். அதுக்குத்தான் செட்டு."

பர்வீன் மேஜை டிராயரைத் திறந்து, துழாவி, ஒரே ஒரு பிட்டை எடுத்தாங்க. டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாங்க.

"முனையைப் பாருங்க அங்கிள்."

வேதமுத்து ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தாரு. "ஓட்டை இருக்கு."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"உங்க ஸ்க்ரூவுக்கு இதுதான். லூசுல முப்பது ரூபா. செட்டெல்லாம் வேணாம்."

"மத்ததெல்லாம் கெட்டியா இருக்கே. இதை மட்டும் ஏன் குடைஞ்சு வெச்சிருக்காங்க?"

"முள்ளை ஒண்ணும் பண்ணாம உள்ள போகணும்ல."

வேதமுத்துவே கழட்டினாரு. பிட்டு போய் உக்காந்ததுகூடத் தெரியல. ரெண்டு ஸ்க்ரூவும் சத்தமில்லாம சுத்திக்கிட்டு வெளிய வந்துச்சு. மூடியைத் தூக்கினாரு.

பர்வீன் வகுப்புல முதல் பாடம் என்னன்னா, எதைத் திறந்தாலும் முதல்ல ஊது. தூசி போனாத்தான் பழுது தெரியும். அது எல்லா சிஷ்யங்களுக்கும் அப்படிப் பழகிப் போச்சு, மூடி கழண்ட உடனே அஞ்சு வாயும் தானா குவியும்.

வேதமுத்துவும் வாயைக் குவிச்சாரு.

பர்வீன் உள்ளங்கையைக் குறுக்க நீட்டினாங்க.

மூச்சு அவங்க கையில பட்டு நின்னுச்சு.

அப்புறம்தான் வேதமுத்து குனிஞ்சு பாத்தாரு. உள்ள பூரா முடி. பொடிப்பொடியா, கறுப்பா, மூலை மூலைக்கு அடைஞ்சு கிடந்துச்சு.

ரொம்ப நேரம் அவர் நிமிரல.

பர்வீன் சின்ன இடுக்கியால மோட்டார் பக்கம் லேசா விலக்கிப் பாத்தாங்க. மோட்டார்த் தண்டை இறுக்கிச் சுத்திக்கிட்டு வேற முடி இருந்துச்சு. தடிப்பா, வெள்ளையா.

முடியைப் பாத்தாங்க. தாடியைப் பாத்தாங்க.

"எப்பலேருந்து அங்கிள்?"

"நாப்பது நாள் ஜெபம் முடிஞ்சதுலேருந்து." தரையைப் பாத்தே சொன்னாரு. "மத்தியானம் அவ தூங்கும்போது. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு துண்டைச் சுத்திக்குவேன்."

"துண்டைச் சுத்தினா சூடு ஏறும்."

"அப்ப, நின்னது என்னாலதானா?"

"ஆமா அங்கிள்."

கீழ தெருவுல ஒரு பஸ் ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு.

"டீச்சர், ஒரு உதவி பண்ணுங்க. வெள்ளையை மட்டும் எடுத்துடுங்க. கறுப்பை அப்படியே விட்டு மூடிடலாம். நான்தான் கெடுத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சா…"

பர்வீன் இடுக்கியை டிராயருக்குள்ள போட்டாங்க. டிராயரைப் பூட்டினாங்க.

மூடியைத் திரும்ப வெச்சு ரெண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினாங்க. எல்லா முடியும் உள்ளயே இருந்துச்சு. ட்ரிம்மரைக் கைக்குட்டையில சுத்தி அவர் கையில வெச்சாங்க.

"வீட்டுக்குப் போய், அவங்க முன்னாடி கழட்டுங்க."

"கழட்டிட்டு நான் என்ன சொல்றது?"

பர்வீன் அந்த பிட்டை மறுபடியும் டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாங்க. அப்புறம் அதையும் அவர்கிட்டக் குடுத்துட்டு, சோல்டரிங் அயர்னைக் கையில எடுத்துக்கிட்டாங்க.

வீடு வர்ற வரைக்கும் வேதமுத்து வாயில வார்த்தை வரிசை கட்டி நின்னுச்சு. வேணும்னு பண்ணல ரூபி. தெரியாம பண்ணிட்டேன் ரூபி. புதுசு வாங்கிடலாம் ரூபி.

செல்வரூபி சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தாங்க.

கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தாரு. கைக்குட்டையை விரிச்சாரு. முதல் ஸ்க்ரூவைக் கழட்டினாரு. ரெண்டாவதையும் கழட்டினாரு. ஸ்க்ரூ ரெண்டும் சிமெண்ட் தரையில டிக், டிக்னு விழுந்துச்சு.

செல்வரூபி திரும்பினாங்க.

அவர் மூடியைத் தூக்கினாரு. ஒண்ணும் சொல்லல.

அவங்க எழுந்து உக்காந்தாங்க. ஒரு நிமிஷம் குனிஞ்சு பாத்தாங்க. உடனே போய் ஃபேனை நிறுத்திட்டு வந்து, அவருக்கு எதிர்ல தரையில உக்காந்தாங்க.

சுண்டு விரலால கறுப்பு முடியைத் தொட்டாங்க. அப்படியே நகர்ந்த விரல் வெள்ளை மேல வந்து நின்னுச்சு. அவர் தாடியைப் பாத்தாங்க. மறுபடி உள்ள பாத்தாங்க.

வேதமுத்துவுக்குக் கண்ணு ரெண்டும் கொட்ட ஆரம்பிச்சது. துடைக்கல, மூக்கை உறிஞ்சல, அசையல. அசைஞ்சா முடி பறந்துடும்.

"ஒரு பேப்பர் கொண்டாங்க"ன்னாங்க செல்வரூபி.

அவர் எழுந்து போய், கைக்குக் கிடைச்ச பேப்பர்ல ஒரு மூலையைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து நீட்டினாரு.

"இது பத்தாது"ன்னாங்க. "ரெண்டு பேரோடதும் இருக்கு."