ஷிப்ட் மாறும் பாய்

ஆலை பல்லடத்தில் இருந்தது என்பார் சிலர்; ஈரோட்டில் என்பாரும் உளர். பாய் ஒன்றுதான் என்பதில் மட்டும் சொல்வோர் அனைவரும் ஒத்துப்போகின்றனர்.

அந்தப் பாயில் பகலில் சுதாம் உறங்குவான், இரவில் லக்கன். வடக்கிலிருந்து நூற்பாலைக்கு வந்தவர்கள். ஒருவன் உள்ளே போகும் கூட்டத்தில் இருக்கையில் மற்றவன் வெளியே வரும் கூட்டத்தில் இருப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் அறியார்.

தொழிலாளரைப் படமெடுத்துவந்த கதிரேசனிடம் ஒரு மாலை சுதாம் சொன்னான்: "சார், நாளைக்கு ஊருக்கே போறேன். நானும் லக்கனும் சேர்ந்து ஒரு போட்டோ வேணும்."

"கூட்டிக்கொண்டு வா."

"அவன் வரும்போது நான் போயிடுவேனே."

"ஆளையே பார்த்ததில்லையா?"

"கேட்டில் பார்த்திருப்பேன். எல்லாம் நீலச் சட்டை."

"பிறகு எப்படியப்பா சிநேகம்?"

"போகும்போது தலையணையைத் திருப்பிப் போட்டுட்டுப் போவான். குளிர்ந்த பக்கம் எனக்கு. நானும் அப்படித்தான்."

"குறட்டை விடுவானா?"

"பாயைத்தான் கேக்கணும் சார்."

கதிரேசன் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். தம் வயதில் பாதியே ஆன பிலோமினாவிடம் படக்கலை பயின்றார். செய்தியை அவரிடம் சொல்லி, "நடக்காத காட்சிக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன், டீச்சர்" என்றார்.

பிலோமினா லக்கனிடம் கேட்டுச் சம்மதம் பெற்றார். விடியலில், அவன் உறங்குகையில், முக்காலியில் நிறுத்திய பழைய கேமராவின் பொத்தானை அழுத்தினார். கேமராவை அசைக்கவில்லை, பிலிமையும் நகர்த்தவில்லை. லக்கன் எழுந்து, தலையணையைத் திருப்பிவிட்டுப் போனான். சுதாம் வந்து படுத்தான். அதே பிலிமின்மேல் மறுபடியும் அழுத்தினார்.

இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், தட்டின் நீருக்குள் படம் மெல்ல எழுந்தது. முதலில் பாயின் கோடுகள். பிறகு, பனிக்குள் கிடப்பன போல இரண்டு உடல்கள், ஒன்றின் ஊடே ஒன்று. லக்கனின் கை சுதாமின் மார்பில் இருந்தது. அதன் ஊடே கோரைகள் தெரிந்தன.

சுதாம் வெகுநேரம் பார்த்தான்.

"மீசை வச்சிருக்கானா!"

சிரித்தான். ஈரம் உலரும் முன்பே படத்தை ஓரத்தில் பிடித்தபடி ரயிலுக்குப் போனான்.

கதிரேசன் கேட்டார்: "இவர்கள் ஒரு நொடியும் சேர்ந்து இருந்ததில்லை, டீச்சர். இந்தப் படம் பொய்தானே?"

பிலோமினா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தனித்தனியாய் எடுத்துக் கொடுத்திருந்தால், அது மெய்யா சார்?"