காசிமின் மஞ்சள், செங்கோடனின் துரு

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியம்.

இப்போதே கேட்காதீர்கள். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை அவசரப்பட்டுத் திறந்தால் முகம் வெந்துபோகும். ஆறட்டும்.

“ஏனுங்க மேஸ்திரி, இந்த வேலையை எனக்குக் கத்துக்குடுப்பீங்களா?”

கேட்டவர் லாரி டிரைவர் செங்கோடன். வயது ஐம்பத்திரண்டு. குரல் ஏர்ஹாரன்.

கேட்கப்பட்டவர் ஆரோக்கியமேரி. சங்ககிரி பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். வயது முப்பத்தாறு. குரல் சைக்கிள் மணி.

“எந்த வேலைங்கண்ணா?”

“ஹீட்டர் ஹோஸ் மாத்துறது, ரேடியேட்டர் கழுவுறது. ஜம்முவுக்கு ஜவ்வரிசி லோடு. அங்க பனி கொட்டுதாம். ஹீட்டர் இல்லாம முடியாது. இனி எல்லாம் நானே தனியாத்தான் பாத்துக்கணும்.”

“காசிமண்ணன் வரலீங்களா?”

“அவன் பேச்சை எடுக்காதீங்க.”

அவரே எடுத்தார்.

பதினோரு வருடம், ஒரே லாரி, இரண்டு டிரைவர். செங்கோடன் ஓட்டினால் காசிம் தூங்குவார். காசிம் ஓட்டினால் செங்கோடன் தூங்குவார். வண்டி நின்றுபோனால் காசிம் ஸ்பேனரோடு அடியில் படுப்பார். செங்கோடன் நின்றபடி திட்டுவார்.

போன வாரம் தொப்பூர் கணவாயில் வண்டி கொதித்தது. புஸ்ஸ்ஸ். திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் தூள். ஒழுகல் நிற்கட்டும் என்று காசிம் போட்டது.

“டீக்கடையில அத்தனை டிரைவரும் பாக்க, ‘வண்டி ரிப்பேர் பண்றியா, மீன்குழம்பு வெக்கிறியாடா மாப்ளே’ன்னு கேட்டுட்டேன். பையைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டான்.”

சிரித்துவிடாதீர்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை.

மேரி வெடித்துக் கிடந்த ஹீட்டர் ஹோஸை ஒரு சாண் அறுத்து அவர் கையில் வைத்தார்.

“உள்ள விரலை விடுங்க.”

விட்டார். விரல் செக்கச்செவேலென்று வந்தது.

“மஞ்சளா இருக்குதுங்களா?”

“இல்லைங்க. சிவப்பா இருக்குது.”

“துரு. பதினோரு வருசமா கூலன்ட் ஊத்தாம போர் தண்ணி ஊத்தினது யாருங்க?”

செங்கோடன் விரலை லுங்கியில் துடைத்தார்.

“தண்ணி தண்ணிதானேன்னு...”

“துரு தின்னு ஓட்டை போட்டுச்சு. மஞ்சள் போயி அதை அடைச்சுது. அதைப் போட்டது தப்புதான். ஆனா தொப்பூர் வரைக்குமாவது வந்தீங்கல்ல?”

செங்கோடன் ஹோஸ் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடியில படுங்க. வடிகால் திருகைத் திறந்துவிட்டு வர்ற தண்ணியையே பாத்துட்டிருங்க. நான் பம்பர் மேல நின்னு ஊத்துறேன். துரு நிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

“அடியில படுக்கிறது காசிம் வேலைங்க.”

“கத்துக்கணும்னீங்க.”

சாக்கை விரித்துப் படுத்தார்.

ஒரு வாளி அளவுக்கு மஞ்சள் வந்தது. அவ்வளவுதான், தீர்ந்துபோனது. பிறகு சிவப்பு. வாளி வாளியாகச் சிவப்பு.

அப்போது பட்டறை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய புது ஹீட்டர் ஹோஸ்.

காசிம்.

கொடுத்துவிட்டுப் போய்விடத்தான் வந்திருந்தார். பம்பரிலிருந்து இறங்கி வந்த மேரியின் காதருகே கிசுகிசுத்தார்.

“இதை மாட்டிவிட்ரும்மா. குளிர் அவனுக்கு ஆகாது. நெஞ்சுல சளி கட்டிக்கும். நான் வந்ததைச் சொல்லாதே.”

மேரி உதட்டில் விரலை வைத்தார். ஹோஸை வாங்கிக்கொண்டார். தண்ணீர்க் குழாயை அவர் கையில் திணித்து, பம்பரைக் காட்டினார்.

“மேஸ்திரி! தண்ணி நின்னுபோச்சே!” அடியிலிருந்து ஏர்ஹாரன்.

காசிம் பம்பர் மேல் ஏறினார். காசிமைப் பற்றி ஒன்று சொல்லவில்லையே? மனிதர் யார் குரலிலும் பேசுவார்.

“வருதுங்கண்ணா,” என்றது சைக்கிள் மணி.

மேரி வாயைப் பொத்திக்கொண்டு டீ வாங்கப் போனார்.

நீங்களும் பொத்திக்கொள்ளுங்கள். இன்னும் நேரம் ஆகவில்லை.

“மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கண்ணா.”

“தனியா ஓட்டுறப்ப தூக்கம் வந்தா என்ன பண்றதுங்க?”

“ஓரங்கட்டிட்டுத் தூங்கணுங்க.”

“அது தெரியுதுங்க. காசிம் பின்னாடி படுத்துக் குறட்டை விடுவான். மரம் அறுக்கிற மாதிரி. பதினோரு வருசம் அதைத் திட்டியிருக்கேன். ஆனா அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்கு முழிப்பே. ஒருத்தன் நம்மளை நம்பித் தூங்குறானேன்னு கண்ணு மூடாது.”

தண்ணீர் நின்றது.

“என்னாச்சுங்க?”

“கை வலிக்குதுங்கண்ணா.”

“குரல் ஏன் கரகரங்குது?”

“தூசுங்கண்ணா.”

தண்ணீர் மறுபடி வந்தது. சிவப்பு, வரக்காப்பி ஆனது. வரக்காப்பி, டீ ஆனது.

“ஓட்டை என்னோடதுன்னு அவன்கிட்டச் சொல்லணுங்க. அந்த மீன்குழம்புப் பேச்சுக்கும் சேத்து. நேர்ல பாத்தா எனக்கு வாய் வராது. திட்டத்தான் வரும்.”

“இப்பத் திட்டாமத்தானுங்களே சொல்றீங்க.”

“உங்ககிட்டச் சொல்றது சுலபமுங்க. சொன்னா வருவானா?”

“வருவாருங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஆளைப் பாத்தாத் தெரியாதுங்களா.”

டீ நிறமும் போனது. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் சிமெண்ட் தரை தெரிந்தது. செங்கோடன் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மேரி இரண்டு டம்ளரோடு வந்து சக்கரத்தின் அருகே குந்தினார்.

“டீ குடிங்கண்ணா.”

படுத்தபடியே கையை நீட்டி வாங்கினார்.

“துரு நின்னுபோச்சுங்க மேஸ்திரி. போதுங்களா?”

மேரி இன்னொரு டம்ளரை வாயில் வைத்தார்.

மேலிருந்து பதில் வந்தது, சைக்கிள் மணியில்:

“போதுங்கண்ணா. எனக்கு டீ இல்லைங்களா?”

செங்கோடன் மேரியின் வாயைப் பார்த்தார்.

அது டம்ளரில் இருந்தது.

“மாப்ளே?”