நாரையின் கதையைக் காப்பாற்றிய அணில்

மாலை நான்கே கால் மணி. காலையிலிருந்து மழை வருவதுபோல் போக்குக் காட்டிய வானம், இறங்கி வராமலே தலைக்கு மேல் நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை. அந்தப் புழுக்கத்தில், குன்றின் அடிவாரத்து நாவல் மரத்தில், மிளகி என்னும் அணில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் வால் துடித்தது. எழுந்தால் கால் தரிக்கவில்லை.

இன்று நாரையார் மூன்றுகால் நண்டின் கதையை முடிக்கப் போகிறார்.

அந்தக் கதை தெரியாத உயிர் காட்டில் இல்லை. மூன்றைத் தவிர மற்றக் கால்களையெல்லாம் பறிகொடுத்த ஒரு குளத்து நண்டு, கடல் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அதைத் தேடிப் புறப்பட்ட கதை. நாரையார் அதைக் குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்றபடி, பௌர்ணமிக்கு ஒரு பகுதியாகச் சொல்லிவந்தார். கேட்டுக் கேட்டுப் பித்தேறியவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்களுக்கு நண்டுப்படை என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் சந்தித்தால் பக்கவாட்டில் நாலடி நடந்து காட்டுவதே அவர்களுடைய வணக்கம். முயல்கள் அப்படி நடக்கப் போய் முட்புதரில் விழுந்ததும் உண்டு.

படையின் தலைவி மிளகி. கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். எந்தச் சொல்லுக்குப் பிறகு நாரையார் இருமினார் என்பதுகூடத் தெரியும்.

இந்த ஆண்டு குளம் வற்றிவிட்டது. கதை கேட்டவர்கள் தண்ணீர் தேடிப் பள்ளத்தாக்கெங்கும் சிதறிப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நரி, குன்றின் மேலிருந்த குகையைத் துப்புரவாக்கித் திறந்துவைத்தது. அந்தக் குகைவாயில் நின்று பேசினால் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். உள்ளே ஒரு கூட்டம் கிளிகள் இருந்தன. ஒருமுறை கேட்டதை அவை மறப்பதில்லை. யார் எப்போது வந்து கேட்டாலும் திருப்பிச் சொல்லும். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை என்று நரி அறிவித்தது. விருப்பமுள்ளவர்கள் ஒரு பழம் வைத்துவிட்டுப் போகலாம். வைக்காதவர்களை நரி ஒன்றும் சொல்லாது. எங்கே குடியிருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளும். ஒரே கோடையில் காட்டின் பேச்செல்லாம் குகைக்குக் குடிபெயர்ந்தது.

குளக்கரைக் காலத்தில் மிளகிக்கு ஒரு தோழி இருந்தாள். தாழை என்று பெயர். அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி. கூச்ச சுபாவம் உள்ளவள். யாராவது உரக்கப் பேசினால் செதில்களுக்குள் சுருண்டு பந்தாகிவிடுவாள். இருவரும் நண்டின் கதையை முதன்முதலில் ஒரே கல்லின்மேல் உட்கார்ந்து கேட்டவர்கள்.

நாரையாரின் கதையில் ஒரு நத்தை வருகிறது. நண்டுக்கு ஓர் ஓடையைக் காட்டிவிட்டு, ஒரே வரியில் போய்விடுகிறது. அது எங்கே போயிருக்கும் என்ற எண்ணம் தாழையை விடவில்லை. புற்றுக்குப் பக்கத்தில் எறும்புக்காகத் தோண்டிக்கொண்டே நத்தையின் பயணத்தைத் தானாகக் கட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் இரண்டு முயல்கள் கேட்டன. பிறகு ஒரு கீரிக் குடும்பம். பிறகு கூட்டம். ஒருநாள் ஒரு முயல் மிளகியிடமே வந்து, கடைசிப் பகுதியில் நத்தையும் கடலுக்கு வருமா என்று ஆவலோடு கேட்டது. மிளகிக்கு உச்சி முதல் வால் வரை பற்றிக்கொண்டது. நேரே புற்றுக்குப் போனாள்.

"யாரைக் கேட்டு நத்தையை இழுத்துக்கிட்டுத் திரியறே?" என்றாள்.

"நண்டு நாரையண்ணனோடது, நத்தை போன வழி மட்டும் என்னோடதுன்னு சொல்லிட்டுத்தான் மிளகி ஆரம்பிக்கிறேன்."

"அவர் அதை ஒரு வரியில விட்டாருன்னா ஏதோ காரணம் இருக்கும்."

"இருக்கான்னு அவர்கிட்டயே போய்க் கேட்டேன். சிரிச்சாரு."

"உன் மூஞ்சியைப் பார்த்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது!"

தாழை சுருண்டுகொண்டாள். பந்தாகிவிட்டவளிடம் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? மிளகி அங்கிருந்து குன்றேறி நரியிடம் போனாள். நாரையாரின் கதையில் கண்டவர்களும் கை வைக்கிறார்கள், இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று முறையிட்டாள். நரி மிகுந்த அக்கறையோடு கேட்டது. கதையை முழுமையாகக் குகைக்குக் கொடுத்துவிட்டால் போதும், பிறகு வேறு யார் வாயிலிருந்து அதில் ஒரு வரி வந்தாலும் கிளிகள் கத்தி அடக்கிவிடும் என்று விளக்கியது. ஆனால் யாராவது கொடுக்க வேண்டுமே என்று கவலையும் பட்டது.

"நான் கொடுக்கறேன், நரி மாமா."

"மனசாரத்தானே?"

"அந்தக் கதைக்காக உயிரையே கொடுப்பேன்."

"உயிர் எதுக்கும்மா, கதை போதும்."

அன்று பகல் முழுவதும் மிளகி குகைக்குள் நின்று, நண்டு பிறந்ததிலிருந்து கடல்வாசம் முதன்முதலாக அதன் மூக்கில் பட்டது வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். இருமலையும் விடவில்லை. கிளிகள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டன. நாரையாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவருக்காகச் செய்கிற காரியத்தை அவரிடமே கேட்பானேன்?

மறுநாளே பலன் தெரிந்தது. முயல்கள் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்த, தாழை குகைவாயில் நின்று தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினாள். நண்டு என்ற சொல் வந்ததுதான் தாமதம், கிளிகள் ஒரே குரலில் கூச்சலிட்டன. நண்டுப்படை பக்கவாட்டில் ஆடியது. தாழை பந்தாகி, குன்றின் சரிவில் உருண்டே கீழே போனாள். அவள் உருண்டு போன சத்தம் மிளகியின் காதில் நெடுநேரம் இருந்தது. நியாயம்தான் செய்தோம் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஒருமுறை சொன்னால் போதாமல் ஏன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் இந்தப் புழுக்கமான மாலை.

குளக்கரையில் கேட்க ஆளில்லாததால், கடைசிப் பகுதியைச் சொல்ல நாரையார் மெல்லக் குன்றேறி வந்தார். காடே திரண்டிருந்தது. வர முடியாதவர்கள் பள்ளத்தாக்கில் அவரவர் இடத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நாரையார் குகைவாயில் ஒரு காலை மடக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "அன்று விடியும்போது மூன்றுகால் நண்டு" என்று தொடங்கினார்.

கிளிகள் கத்தின. இது குகையின் கதை, இன்னொருவர் கதையைச் சொல்லாதே என்று கத்தின.

கூட்டம் சிரித்தது, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று. நாரையாரும் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். கிளிகள் மறுபடி கத்தின. மூன்றாம் முறை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கத்தின. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மிளகி மரத்திலிருந்து இறங்கி, குன்றேறி, கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து முன்னால் ஓடினாள்.

நரி வெளியே வந்து மிகப் பணிவோடு நிலைமையை எடுத்துரைத்தது. கதை முறைப்படி குகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிளிகளுக்கு முகம் தெரியாது. சொல் மட்டுமே தெரியும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் நாரையார் பெரியவர் என்பதால், குகை அவருக்குச் சிறப்பு அனுமதி வழங்கத் தயாராக இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை.

"நண்டு கடலுக்குப் போய்ச் சேரக்கூடாது, நாரையண்ணே. சேர்ந்துட்டா கதை முடிஞ்சிடும். முடிஞ்சா கூட்டம் கலைஞ்சிடும். இன்னும் ரெண்டு மலை தாண்டட்டுமே."

நாரையார் நரியின் பக்கம் திரும்பினார். "நண்டு களைச்சுப் போச்சு, தம்பி. மூணு காலை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை மலை ஏறும்?"

"கொடுத்தது நான்தான்," என்றாள் மிளகி. குரல் அவளுடையது போலவே இல்லை. "நானே திருப்பிக் கேக்கறேன். குடுத்துடுங்க மாமா."

"உன் சொந்தப் பொருளா இருந்தா தாராளமாத் திருப்பிக் கேக்கலாம்."

"அவளுக்குச் சொந்தமில்லைன்னா அவ கொடுத்தது மட்டும் எப்படிச் செல்லும்?" என்றார் நாரையார்.

அதையெல்லாம் ஆராய்வது கிளிகளுக்குப் பழக்கமில்லை என்றது நரி. முறையீடு இருந்தால் சொல்லிவிட்டுப் போகலாம், மழைக்காலம் முடிந்ததும் கவனிக்கப்படும் என்றது.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நண்டுப்படையிலேயே பாதிப் பேர், இன்னும் இரண்டு மலைதானே, ஒப்புக்கொள்ளுங்கள் என்று நாரையாரை நச்சரித்தார்கள். மீதிப் பேர் மிளகியின் பக்கம் திரும்பி முறைத்தார்கள். நாரையார் மடக்கிய காலைக் கீழே ஊன்றி இறங்கத் தொடங்கினார். அவர் அப்படியே பறந்து போய்விட்டால் நண்டு எந்நாளும் கடலைப் பார்க்காது. அதைக் கடலுக்குப் போகவிடாமல் செய்தது தான்தான் என்பது மிளகிக்கு உறைத்தது. மிளகி அவருக்கு முன்னால் போய் விழுந்து, தாழையின் புற்றுவரை வருமாறு கெஞ்சினாள். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ கேட்க அவள் நிற்கவில்லை. ஓடினாள்.

தாழை வளைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"தாழை, நான் தப்புப் பண்ணிட்டேன். உன்னை அடக்க வெச்ச கிளி இப்ப அவரையே அடக்குது."

பந்து அசையவில்லை. பிறகு உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "கேட்டுது. பள்ளத்தாக்குக்கே கேட்டுது."

"உன் இடத்துல அவர் கதை சொல்லலாமா? இங்க கிளி இல்லை."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு. உனக்கு இல்லாத கோவமா?"

தாழையின் மூக்கு செதில்களுக்கிடையே எட்டிப் பார்த்தது. "அந்தப் பக்கம் உட்காரச் சொல்லு. இந்தப் பக்கம் எறும்பு கடிக்கும்."

நாரையார் வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் குகையை விட்டு நகரவில்லை. புற்றடியிலிருந்து குரல் பத்து மரம் தாண்டாது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குறை மிளகியை முள்போல் குத்தியது. குன்றின் மேலிருந்து கிளிகள் பழைய பகுதிகளை, மிளகியின் குரலிலேயே, இருமலோடு சொல்லிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே, அதைவிடத் தாழ்ந்த குரலில், நாரையார் கதையை முடித்தார். நண்டு மணலில் இறங்கியது. முதல் அலை அதன் மூன்று கால்களையும் தொட்டது. இவ்வளவு பெரியதா என்று அது கேட்கவில்லை. உப்பாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னது. அவ்வளவுதான்.

கீரிக் குடும்பத்தில் ஒருத்தி, அந்த நத்தை என்ன ஆயிற்று என்று கேட்டாள். மிளகியின் வால் தன்னையறியாமல் விறைத்தது.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் நாரையார். "தாழையைத்தான் கேக்கணும்."

தாழை சுருளப் பார்த்தாள், சுருளவில்லை. நத்தை போன வழியைச் சொன்னாள். நாரையார் ஓரிடத்தில் உரக்கச் சிரித்தார், ஓரிடத்தில் வானத்தைப் பார்த்தார். எழுந்து போகும்போது, நண்டின் கதையை இனி யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், கிளை விட்டு வளர்க்கலாம், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதையும் எங்கே தம்முடையதைச் சேர்த்தோம் என்பதையும் மறைக்காமல் சொன்னால் போதும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலும் மழை வரவில்லை. நரி குகைவாயில் பழங்களைத் தரம்பிரித்து, அழுகியவற்றைக் கிளிகளுக்குப் போட்டது. கிளிகள் தின்றபடியே நண்டை முதல் மலையின் அடிவாரத்திலிருந்து மறுபடி நடக்கவைத்தன. கேட்பதற்கு அங்கே இன்னமும் பெரிய கூட்டம் இருந்தது. நாரையார் குளத்தின் நடுவில் மிஞ்சியிருந்த சேற்றில் நின்று, வெகுநேரம் காத்திருந்து, ஒரு கெண்டையைப் பிடித்தார். தாழை வளையின் வாயை இன்னும் சற்று அகலமாகத் தோண்டினாள். மிளகி விடியுமுன்பே கிளம்பி, குகையைத் தவிர வேறெதையும் கேட்டறியாத குரங்குகள் வாழும் எதிர்மலைச் சரிவுக்குப் போனாள். அவை எறிந்த கொட்டைகளுக்கு ஒதுங்கிக்கொண்டே, இது நாரையார் சொன்ன முடிவு என்று தொடங்கி, நண்டைக் கடல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒரு கிழக்குரங்கு மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, அலைக்குள் போன நண்டுக்கு இழந்த கால்களெல்லாம் மறுபடி முளைத்திருக்குமே என்றது. மிளகிக்கு மறுப்பு நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து, "முளைச்சா பிறகு என்ன ஆகும்? சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள்.

நாம் நேசிப்பவரைக் காப்பதாக எண்ணி, அடுத்தவர் வாயை மூடும் அதிகாரத்தை ஒருவன் கையில் கொடுத்தோமானால், அந்தக் கை நாம் நேசிப்பவரின் வாயையும் மூடாமல் விடாது.