கானல்வாடியில் கயிறு வாங்கியவர்கள்

வெகு காலத்துக்கு முன்னே கானல்வாடி என்றொரு நாடு. அதை ஆண்டவன் உத்தமதேவன் என்றொரு ராஜா. கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் சொன்னது சாயங்காலம் வரை அவன் வாயில் தங்காது. கடைசியாக யார் காதைக் கடிக்கிறார்களோ, அவர்கள் பேச்சுத்தான் சட்டம்.

அந்த நாட்டில் மூன்றாம் வருஷமும் மழை இல்லை. குடிகள் வந்து, "இந்த வருஷம் வரியைத் தள்ள வேண்டும் மகாராஜா" என்று கும்பிட்டார்கள். "தள்ளியாச்சு, போங்கள்" என்றான் ராஜா. பொக்கிஷக்காரர் ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது. குடிகள் தன்னைக் கேட்காமல் நேரே ராஜாவிடம் போய்விட்டார்களே என்றுதான்.

மறுநாள் அவர் கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சபைக்கு வந்தார்.

"நெய்க் கடைக்காரன் ஈ ஓட்டுகிறான் மகாராஜா. வளையல்காரன் கடையைப் பூட்டிவிட்டான். வெல்லம் வாங்க ஆள் இல்லை. ஆனால் கயிற்றுக் கடையில் மட்டும் திருவிழாக் கூட்டம். வீட்டுக்கு வீடு புதுக் கயிறு. அதுவும் நல்ல தேங்காய்நார்க் கயிறாகப் பார்த்து வாங்குகிறார்கள். கயிற்றுக்கு இருக்கிற காசு வரிக்கு இல்லையா?"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "என்னை ஏமாற்றினார்களா? புதுக் கயிறு இருக்கிற வீடெல்லாம் ஏழு நாளில் முழு வரியும் கட்ட வேண்டும். கட்டாத வீட்டில் மாட்டை அவிழ்த்து ஓட்டி வாருங்கள்."

அரண்மனைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர் பேச்சிமுத்து. அறுபதைத் தாண்டியவர். அவர் வீட்டில் ஒரே ஒரு பசு. அந்தப் பாலை விற்றுத்தான் கஞ்சி. முந்தின மாதம்தான் மனைவி சுடலைவடிவின் தோட்டை விற்று வீட்டுக் கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்கியிருந்தார்.

"தோட்டை வித்து வரியைக் கட்டி மாட்டைக் காப்பாத்தலாம்னு பார்த்தா, அதையும் வித்தாச்சு" என்றாள் சுடலைவடிவு.

"எல்லாம் அந்த ஏகாம்பரம் செய்யிற வேலை. பந்தியில உட்கார்ந்தவனை எழுப்பின ஆளு."

"ஆரம்பிச்சுட்டீங்களா? ஒன்பது வருஷமாச்சு. எண்ணெயைக் குறைச்சோம், புளியைக் குறைச்சோம். உங்க வன்மத்தை மட்டும் ஒரு சொட்டு குறைக்கலையே நீங்க."

அவள் சொன்னது ஒன்பது வருஷத்துக்கு முந்தின கதை. ராஜாவின் பிறந்தநாள் விருந்து அது. இலையில் சோறு போட்டுக் குழம்பும் ஊற்றியாகிவிட்டது. யாரோ ஒரு வியாபாரிக்கு இடம் வேண்டுமென்று, "நீ அப்புறம் சாப்பிடலாம், எழுந்திரு" என்றார் ஏகாம்பரம். பிசைந்த கையோடு எழுந்து போனவர் பேச்சிமுத்து. அந்தக் கை இன்னும் காயவில்லை.

யோசித்துக்கொண்டே மாட்டின் கழுத்தைத் தடவினார். சட்டென்று ஒன்று தோன்றியது. ஊரெல்லாம் கிணறு வற்றுவது ராஜாவுக்கு ஏன் தெரியவில்லை? தெரியாமல் செய்தது யார்? நான்தானே.

விஷயம் இதுதான். அரண்மனைக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. புதுக் கயிறு கேட்டபோது, "இருப்பதை வைத்து இறை" என்று விரட்டிவிட்டார் ஏகாம்பரம். குளிக்கத் தண்ணீர் தாமதமானால் சவுக்கடி. அதனால் தண்ணீர் இறங்க இறங்கத் தன் கூலியில் துண்டுக் கயிறு வாங்கி முடிந்து முடிந்து இறைத்துவந்தார். ராஜாவின் அண்டாவும் தினம் நிறைந்தது.

மறுநாள் காலை அண்டா காலியாக இருந்தது. ராஜா எண்ணெய் தேய்த்த உடம்போடு கிணற்றடிக்கே வந்துவிட்டான். பின்னாலேயே ஏகாம்பரம்.

"என்ன பேச்சிமுத்து, தூக்கமா?"

"இல்லை சாமி. புதுக் கயிறு வைத்திருக்கிறவன் பொய்யன் என்று உத்தரவு. முடிந்து வைத்திருந்த புதுக் கயிற்றையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். அரண்மனைப் பழைய கயிறு இதோ இருக்கிறது."

"வேலைக்குச் சாக்கு, மகாராஜா" என்றார் ஏகாம்பரம்.

"அப்படியானால் ஐயாவே ஒரு குடம் இறைத்துக் காட்டட்டும்" என்றார் பேச்சிமுத்து.

ராஜா தலையசைத்தான். ஏகாம்பரம் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குடத்தை இறக்கினார். ராட்டினம் கிறீச்சிட்டது. கயிறு ஓடி ஓடி முடிந்தது. குடம் அந்தரத்தில் ஆடியது.

"இன்னும் இறக்கும்" என்றான் ராஜா.

"கயிறு... தீர்ந்துவிட்டது மகாராஜா."

ராஜா எட்டிப் பார்த்தான். சின்ன வயதில் இதே கிணற்றில் அவன் முகம் தெரியும், பல் எண்ணலாம். இப்போது எங்கோ அடியில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு வெளிச்சம்.

பேச்சிமுத்து அவிழ்த்த கயிற்றை அவன் காலடியில் வைத்தார். பதினொரு துண்டு. "ஒவ்வொன்றும் தண்ணீர் இறங்கின அளவு சாமி. நெய் இல்லாமல் சாப்பிடலாம். வளையல் இல்லாமல் இருக்கலாம். கயிற்றில் ஒரு முழம் மிச்சம் பிடித்தால் குடம் தண்ணீரைத் தொடாது. பழசை நம்பி அது அறுந்தால் குடமும் போச்சு. கயிறு வாங்குகிறவனுக்குக் காசு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவன் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்."

ராஜா ஏகாம்பரத்தைப் பார்த்தான். அவர் குடத்தை மேலே இழுப்பதா விடுவதா தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வரி தள்ளுபடி. இந்த முறை கல்லில் வெட்டி வையுங்கள்" என்றான் ராஜா. "பேச்சிமுத்து, உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?"

"ஒரு வேளைச் சாப்பாடு சாமி. நடுவில் யாரும் எழுப்பக் கூடாது. பரிமாறுவது பொக்கிஷக்கார ஐயாவாக இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. ஏகாம்பரம் குனிந்து குனிந்து பரிமாறினார். பேச்சிமுத்து அவசரப்படவில்லை. ரசத்துக்கு இரண்டு தரம் சோறு கேட்டார். மோர் ஊற்றும்போது ஏகாம்பரம் மெல்லச் சொன்னார்: "அன்றைக்கு நான் செய்தது தப்புத்தான். மனசில் வைத்துக்கொள்ளாதே."

"இன்னும் கொஞ்சம் மோர்" என்றார் பேச்சிமுத்து.

வீட்டுக்கு வந்ததும் சுடலைவடிவு கேட்டாள். "மாடு நம்மளோடது. மரியாதையும் வந்தாச்சு. அந்தக் கோபம் தீர்ந்துச்சா?"

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே யோசித்தார்.

"பாதி தீர்ந்துச்சு."

"மீதி?"

"இருக்கட்டும். மழை பெய்யட்டும், குறைச்சுக்கலாம்."